பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கச் சிக்கனமான சோதனைச் சமிக்ஞைகள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. பின்னாளில் நாடெங்கும் நிலையங்கள் பெருகியபோது, நிகழ்ச்சி தொடங்குமுன் வட்டமும் கட்டங்களும் பட்டைகளும் கொண்ட சோதனைப் படமொன்றை ஒளிபரப்புவது வழக்கமாயிற்று. பழுதுபார்ப்போர்க்கு அதுவே செலவின்றிக் கிடைத்த அளவுகோல். தரைவழி ஒப்புமை ஒளிபரப்பிகளுள் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டிற்குள் மூடப்பட்டமையால் அவ்வசதி இன்று இல்லை. குறையேதுமற்ற பெட்டியுங்கூட இப்பொழுது திரையில் வெண்புள்ளிகளையும் இரைச்சலையுமே தரும். இதனைப் பழுதெனக் கருதி, இடைநிலை அதிர்வெண் சுருள்களின் உள்ளகங்களைத் திருகிவிடுவோர் உளர். பழுதற்ற பெட்டி அவ்வாறே பழுதாகிறது. அதனை மீண்டும் ஒழுங்குசெய்வது எளிதன்று. ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் நம்பத்தக்க சமிக்ஞை ஒன்றினைத் தேடிக்கொள்ளல் வேண்டும்.

அச்சமிக்ஞை எத்தகையது என்பதை முதற்கண் அறிதல் நலம். நம் நாட்டு முறையில் ஒரு முழுப் படத்திற்கு 625 வரிகள். நொடிக்கு 50 புலங்கள். ஆகவே வரி அதிர்வெண் 15,625 ஹெர்ட்ஸ். ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்டு. படச் சமிக்ஞையின் மொத்த வீச்சு 75 ஓம் தடையில் 1 வோல்ட்டு, அதில் 0.3 வோல்ட்டு ஒத்தியக்கத் துடிப்பிற்கும், எஞ்சிய 0.7 வோல்ட்டு ஒளிச் செறிவிற்கும் உரியவை. நான்காம் தடத்தில் பட ஊர்தியலை 62.25 மெகாஹெர்ட்ஸிலும், ஒலி ஊர்தியலை அதற்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே, 67.75 மெகாஹெர்ட்ஸிலும் அமையும்.

வானொலி பழுதுபார்க்கும் நிலையங்களிலும் தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலும் பழைய சமிக்ஞை இயற்றி ஒன்றேனும் கிடக்கும். தொலைக்காட்சிக்கு அது பயன்படாதெனப் பலரும் ஒதுக்கிவிடுகின்றனர். இது தவறு. அதனை 31.125 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினால், அதன் இரண்டாம் இசையம் நான்காம் தடத்தின் பட ஊர்தியலையாக அமைந்துவிடும். இயற்றியினுள்ளேயே இருக்கும் 400 ஹெர்ட்ஸ் பண்பேற்றத்தை இயக்கினால் திரையில் கிடைமட்டப் பட்டைகள் தோன்றும். ஒரு புலத்திற்கு 400-ஐ 50-ஆல் வகுக்க வரும் 8 பட்டைகள். அவற்றுள் ஒன்றின் பெரும்பகுதி மீளோட்டத்தில் மறையும். செங்குத்துப் பிடிப்புக் குமிழைத் திருப்பிப் பட்டைகளை நிறுத்திய பின், அவற்றின் அகலத்தை ஒப்பிடுக. மேலே அகன்றும் கீழே நெருங்கியும் இருப்பின் புல அலைவின் நேர்மை கெட்டுள்ளதென்று துணியலாம். வகுப்பில் இதனை ஒரு கணக்காகவே மாணவர்க்குக் கொடுக்கலாம். பட்டைகள் தெரியாவிடில், இயற்றியை 38.9 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, இடைநிலை அதிர்வெண் பகுதியின் நுழைவாயிற்குச் செலுத்துக. அப்பொழுது பட்டைகள் தோன்றுமாயின் குறை தடத்தேர்வியில் உளது என்பது பெறப்படும்.

செங்குத்துப் பட்டைகளுக்கு வரி அதிர்வெண்ணின் மடங்கு தேவை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் 555 என்னும் சில்லினைக் கொண்டு 156.25 கிலோஹெர்ட்ஸ் அலைவை இயற்றிப் படப்பெருக்கியின் நுழைவாயிற்குத் தந்தால், வரிக்குப் பத்துப் பட்டைகள். மீளோட்டத்திற்குச் செல்லும் ஏறத்தாழ 12 மைக்ரோ செகண்டில் இரண்டு மறைய, எட்டுத் தெரியும். அதிர்வெண் சற்றே பிசகினும் பட்டைகள் சாய்ந்தோடும் என்பதை நினைவிற் கொள்க. வால்வுப் பெட்டிகளில் இச்சமிக்ஞையை 400 வோல்ட்டிற்குக் குறையாத தாங்குதிறனுள்ள மின்தேக்கி வழியாகவே செலுத்துதல் வேண்டும்.

எனினும், பட்டைகளைக்கொண்டு ஒத்தியக்கப் பகுதியைச் செவ்வையாகச் சோதித்தல் இயலாது. அதற்கு முழுமையான படச் சமிக்ஞை வேண்டும். பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டி.வி.டி. இயக்கி, இக்கட்டுரையில் கூறப்படும் கருவிகள் அனைத்தினும் சிறந்தது. கட்டக்கோடுகளும் சாம்பற்படிகளும் பதிவுசெய்த வட்டு ஒன்று அதனுடன் இருந்தால் போதும். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியின் கூட்டுப்படச் சமிக்ஞையையும் 625 வரி முறைக்கு அமைத்துக்கொள்ளலாம். ஆர்டுவினோப் பலகையும் இரண்டு தடைகளும் கொண்டு கறுப்பு வெள்ளைக் கட்டங்களை வரையலாம். ஆனால் அதற்கென வழங்கும் நிரல் வரிகளை இடைப்பின்னாது அனுப்புவதால் இடைப்பின்னலின் குறையை அது காட்டாது. சிறுவர்க்கான மலிவு விலை விளையாட்டுப் பெட்டிகளுக்கும் இக்குறை உண்டு.

படச் சமிக்ஞை நுழைவாயில் இல்லாத பெட்டிகளுக்குப் பண்பேற்றி ஒன்று இடையே வேண்டும். வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். வீடியோ நாடாக் கருவிகளிலிருந்து கழற்றிய பண்பேற்றிகளுட் பல யு.எச்.எஃப். தடங்களில் இயங்குவன, வி.எச்.எஃப். மட்டுமே ஏற்கும் பழைய பெட்டிக்கு அவை உதவா. அமெரிக்க முறைப் பண்பேற்றியில் ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும், பிரிட்டிஷ் முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளியும் இருப்பதால், படம் வந்தும் ஒலி வாராது. பெட்டியின் 300 ஓம் வாயிலுக்கும் பண்பேற்றியின் 75 ஓம் வடத்திற்கும் இடையே பொருத்து மாற்றி தேவை. பண்பேற்றியின் வெளியீட்டை எக்காரணம் கொண்டும் ஆன்டெனாவில் இணைத்தலாகாது; உரிமமின்றி ஒளிபரப்பியதாகவே அது முடியும்.

இவையனைத்தினும் கருத்தூன்ற வேண்டியது உயிர்க்காப்பு. பல பழைய பெட்டிகளில் சட்டகம் நேரே மின்வழியோடு இணைந்துள்ளது. செருகி மாறியிருப்பின் சட்டகத்தில் 230 வோல்ட்டு நிற்கும். ஆன்டெனா வாயிலில் தனிப்படுத்தும் சிறு மின்தேக்கிகள் உண்டு. படப்பெருக்கிக்கு அக்காப்பு இல்லை. தரையிணைப்புள்ள கருவியை அங்கு இணைத்தால் கருவி எரிவதோடு, தொடுவோரும் இறக்கக்கூடும். ஆதலின், பெட்டிக்கு மின்சாரம் ஒன்றுக்கொன்று விகிதமுள்ள தனிப்படுத்தும் மின்மாற்றி வழியாகவே தரப்படுதல் வேண்டும். பிறவற்றிற் சிக்கனம் காட்டுவோரும் இதிற் காட்டுதல் தகாது. படக்குழாயின் நேர்மின்வாயிலில் பல்லாயிரம் வோல்ட்டு, பெட்டியை அணைத்த பின்னரும் நெடுநேரம் தங்கியிருக்கும். சட்டகத்தோடு இணைத்த, நன்கு காப்பிட்ட முனையால் அதனை இறக்கிய பின்னரே படக்குழாயின் அருகே கைவைத்தல் வேண்டும்.