தாழ்த்திய பிக்கப்பை டிராக்கில் ஓட்டப்போகிறீர்களா? பின்பக்க லிங்க், காயில்ஓவர் வாங்கும் முன் 15 குறிப்புகள்

அமெரிக்காவில் 1960, 70களின் பழைய பிக்கப்களைத் தாழ்த்தி, கூம்புகளுக்கு நடுவே வளைந்தோடும் ஆட்டோகிராஸுக்கும் டிராக்குக்கும் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது செவர்லே சி10. சுமை தூக்கப் பிறந்த வண்டி அது. சுமையில்லாமல் திருப்பத்தில் வேகமாக விட்டால் பின்பக்கம் துள்ளும், வழுக்கும். உடனே ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த, விலை கூடிய காயில்ஓவரைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் ஆக்சில் நிற்கும் விதம், அடுத்து எடை, பிறகு ஸ்பிரிங், கடைசியில்தான் ஷாக். குறிப்புகளும் பெரும்பாலும் அதே வரிசையில்.

1. வண்டிக்கு அடியில் படுத்து, இருப்பதை முதலில் பாருங்கள். 1967–72 சி10-இல் பொதுவாகச் சுருள் ஸ்பிரிங்கும் 'டிரக் ஆர்ம்' எனப்படும் இரண்டு நீண்ட கைகளும் இருக்கும். 1973-இல் வந்த அடுத்த தலைமுறையில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பட்டை ஆக்சிலைப் பிடிக்கவும் செய்கிறது, எடையைத் தாங்கவும் செய்கிறது. அதைக் கழற்றினால் இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள் வேண்டும்: பிடிக்க 'லிங்க்' எனப்படும் இணைப்புக் கம்பிகள், தாங்க காயில்ஓவர்.

2. டிரக் ஆர்மைப் பழசு என்று தூக்கி எறியாதீர்கள். நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் இதே வகைக் கைகளோடுதான் பல பத்தாண்டுகள் ஓடின. 2022-இல் வந்த புதிய காரில்தான் அவை போயின. கைகள் நீளமாக இருப்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலின் கோணம் அதிகம் மாறுவதில்லை. நல்ல புஷ், சரிசெய்யக்கூடிய பான்ஹார்ட் ராட், பொருத்தமான காயில்ஓவர் போட்டாலே பலருக்கு இது போதும்.

3. அந்தக் கைகளை வலுவாக்குகிறேன் என்று இரும்புத் தகடு வைத்துப் பெட்டிபோல் மூடி வெல்டிங் செய்யாதீர்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும்போது கைகள் சற்று முறுக்கிக்கொள்ள வேண்டும். திறந்த 'ஐ' வடிவம் அதற்கு இடம் கொடுக்கிறது. மூடிவிட்டால் பின்பக்கம் விறைத்துப்போய், திருப்பத்தில் டயர் பிடியை இழக்கும்.

4. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்ட் ராட். அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. வண்டி நிற்கும் உயரத்தில் படுக்கையாக இருக்க வேண்டும். 900 மி.மீ. நீள ராட் இருந்தால், ஆக்சில் 75 மி.மீ. ஏறும்போது சுமார் 3 மி.மீ. பக்கவாட்டில் நகரும். 600 மி.மீ. ராடில் அது 5 மி.மீ. அளவுக்கு வரும். வண்டியைத் தாழ்த்திவிட்டுப் பழைய ராடையே விட்டால், அது சாய்ந்து ஆக்சிலையே ஒரு பக்கம் தள்ளி நிறுத்திவிடும்.

5. நான்கு லிங்க் போடுவதென்றால் இரண்டு வகை உண்டு. நான்கும் இணையாக ஓடினால் பான்ஹார்ட் ராடோ, அதே வேலையைச் செய்யும் வாட்ஸ் லிங்கோ கட்டாயம் வேண்டும். மேல் லிங்க் இரண்டும் முக்கோணமாகச் சாய்ந்தால் அவையே பக்கவாட்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சாய்வு போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 40 டிகிரியாவது இருப்பது நல்லது. சைலன்சர் குழாயும் டேங்கும் எங்கே போகும் என்று வரைந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

6. திருப்பமே முக்கியம் என்பவர்கள் மூன்று லிங்கையும் யோசிக்கலாம்: கீழே இரண்டு, மேலே ஒன்று, கூடவே ஒரு பான்ஹார்ட் ராட். இந்த அமைப்பு எந்த நிலையிலும் இறுகாமல் தாராளமாக அசையும். மேலே உள்ள ஒற்றை லிங்க்தான் முழு முறுக்கையும் தாங்குகிறது. ஆகவே அதன் பிராக்கெட்டிலும் போல்ட்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

7. கீழ் லிங்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது மட்டமாகவோ, முன்முனை சற்றே தாழ்ந்தோ இருக்கட்டும். முன்முனை உயர்ந்திருந்தால், வண்டி சாயும்போது வெளிச்சக்கரம் பின்னுக்கும் உள்சக்கரம் முன்னுக்கும் நகரும். வால் தானாகவே வெளியே வீசத் தொடங்கும்.

8. வேகமெடுக்கும்போது பின்பக்கம் அமுங்காமல் தடுக்கும் தன்மையை 'ஆன்ட்டி ஸ்குவாட்' என்கிறார்கள். நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள் அதை 100 சதவீதத்துக்கும் மேலே ஏற்றுவார்கள். வளைவுள்ள பாதையில் அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அளவு மீறினால் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் தரையில் தத்தும். பிராக்கெட்டில் இரண்டு மூன்று துளைகள் உள்ள செட்டை வாங்கினால், குறைவாகத் தொடங்கித் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

9. வண்டியை 4, 5 அங்குலம் தாழ்த்தினால் ஆக்சில் போய்ச் சேஸிஸை இடிக்கும். அதற்காகச் சேஸிஸை மேல்நோக்கி வளைவாக வெட்டி வலுவூட்டுவதே 'சி-நாட்ச்'. ஆக்சில் மேலே வர 3 அங்குலமாவது இடம் இருக்கட்டும். முடிவில் ரப்பர் தடுப்பும் வேண்டும். வெட்டுவதற்கும் வெல்டிங்குக்கும் முன் பெட்ரோல் டேங்கை முழுவதும் கழற்றி அகற்றுங்கள். பேட்டரி ஒயரையும் எடுத்துவிடுங்கள்.

10. இப்போது எடை. 1967–72 சி10-இல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும். பலர் அதைப் பின்தொட்டிக்கு அடியில் மாற்றுகிறார்கள். பேட்டரியும் பின்னால் போகலாம். இந்த மாற்றங்களையெல்லாம் முடித்த பிறகு, ஓட்டுநர் எடையோடும் பாதி பெட்ரோலோடும் நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக எடை போடுங்கள். இந்த நான்கு எண்கள் கையில் இல்லாமல் ஸ்பிரிங் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பதுபோல.

11. ஸ்பிரிங் கணக்கு எளிதுதான். பின்சக்கரம் ஒன்றில் 750 பவுண்டு எடை. அதில் சக்கரம், பிரேக், பாதி ஆக்சில் சேர்ந்து 150 பவுண்டு என்று வையுங்கள். மீதி 600 பவுண்டுதான் ஸ்பிரிங் தாங்குவது. தெருவிலும் ஓடி டிராக்குக்கும் போகும் வண்டியின் பின்பக்கம் ஸ்பிரிங் மேல் நொடிக்கு 1.5 முதல் 2 முறை வரை அலைவது நன்றாக இருக்கும். 1.7 வேண்டுமென்றால், 1.7-ஐ இந்தக் கணக்கின் மாறிலியான 3.13-ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 600-ஆல் பெருக்குங்கள். சுமார் 177 வரும். அதாவது சக்கரத்தில் ஓர் அங்குலம் அமுங்க 177 பவுண்டு.

12. காயில்ஓவரைச் சாய்த்து மாட்டினால் ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது. 15 டிகிரி சாய்வில் 93 சதவீதம், 20-இல் 88, 30-இல் 75 சதவீதம்தான் மிஞ்சும். மேலே சொன்ன 177-ஐ 20 டிகிரி சாய்வில் பெற, 200 பவுண்டு ஸ்பிரிங் வாங்க வேண்டும். இயன்றவரை நிமிர்த்தியே மாட்டுங்கள். இரண்டு காயில்ஓவரும் சக்கரத்தை ஒட்டி இருந்தால் வண்டி சாய்வதும் குறையும்.

13. ஷாக்கின் நீளத்தை விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை நிற்க வேண்டிய உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து வாங்குங்கள். அந்த உயரத்தில் ஷாக் சுமார் 40 சதவீதம் உள்ளே போயிருக்க வேண்டும். மொத்த ஓட்டம் 5 அங்குலம் என்றால், 2 அங்குலம் அமுங்கியது போக இன்னும் 3 அங்குலம் மிச்சம். காயில்ஓவரின் மரையை இறக்கி இறக்கியே வண்டியைத் தாழ்த்தினால் இந்த மிச்சம்தான் கரையும். தாழ்த்துவது பிராக்கெட்டின் வேலை. மரை சிறு திருத்தத்துக்கு மட்டும்.

14. லிங்கின் முனைகளில் ரப்பர் புஷ் சத்தமின்றி ஓடும். இரும்பு உருண்டை ஜாயின்ட் துல்லியமானது, ஆனால் தேயும், சத்தம் போடும். கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷை முக்கோண நான்கு லிங்கின் எல்லா முனையிலும் போட்டால் இறுகிக்கொள்ளும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் காலில் நிற்கும்போதே முறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழியும்.

15. கடைசியாகப் பினியன் கோணம். பக்கவாட்டில் பார்க்கும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் இணையாக இருக்கட்டும். ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி. பிறகு ஷாக்கை மென்மையான நிலையில் வைத்து ஓடத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். உடனே நோட்டில் எழுதிவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் போதும் என்று நிறுத்துங்கள். இவ்வளவு பாடுபட்டு வைத்த ஆக்சிலைப் பிடித்திருப்பது அந்தப் போல்ட்டுகள்தான். உங்கள் உயிரையும் அவைதான் பிடித்திருக்கின்றன.