காரைக்காலில் பாடம் எடுக்க வரும் இளம் ஆசிரியருக்கு



ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று முடிவு கட்ட மாணவர்களுக்கு நெடுநேரம் பிடிப்பதில்லை. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கல்லூரி ஆசிரியர்கள் பாடம் எடுக்கும் காட்சிகளிலிருந்து ஒலியை நீக்கி, சில நொடித் துணுக்குகளை மட்டும் முன்பின் அறியாதவர்களிடம் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அந்த மதிப்பீடு, அதே ஆசிரியர்களிடம் பருவம் முழுவதும் படித்தவர்கள் தந்த மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. நிற்கும் விதமும் பார்க்கும் விதமும் அவ்வளவு பேசுகின்றன.

இதற்கு நேர் எதிரே இன்னொரு சோதனை உண்டு. 1973-இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரை ஒன்று, ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற நிபுணராக அறிமுகப்படுத்தி, மருத்துவர்களும் கல்வியாளர்களும் இருந்த அவையில் பேசவைத்த கதையைச் சொல்கிறது. பேச்சில் நகைச்சுவையும் மிடுக்கும் இருந்தன. பொருள் மட்டும் இல்லை. கேட்டவர்களோ பேச்சு நன்றாக இருந்தது என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆக, தோற்றம் ஒரு மணி நேரத்துக்கு யாரையும் ஏமாற்றும். காரைக்கால் ஆசிரியருக்கு அந்த ஒரு மணி நேர வசதி கிடையாது. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் வட்டாரம் இது. காலையில் வகுப்பில் பார்த்தவரை மாணவர்கள் மாலையில் பாரதியார் வீதியில் பார்ப்பார்கள், சனிக்கிழமை திருநள்ளாற்றுப் பேருந்தில் பார்ப்பார்கள். இங்கே மதிப்பு என்பது நாள்தோறும் சேர்வது.

அந்த மதிப்புக்கு முதல் சோதனை வருகைப் பதிவேடு. புதுச்சேரி வட்டாரப் பெயர்களில் பிரெஞ்சு எழுத்துமுறை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1954 நவம்பரில் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, எழுத்துக்கூட்டல் மாறவில்லை. ‘உ’ ஒலி வரும் இடத்திலெல்லாம் ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் நிற்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர் பதிவேட்டைப் பார்த்தபடி படித்தால் முருகன் ‘மௌரௌகனே’ ஆகிவிடுவான், மரைக்காயர் வீட்டுப் பையன் ‘மாரிகார்’ ஆகிவிடுவான். வகுப்பு சிரிக்கும். ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தால் அது அன்றோடு போய்விடும். அந்தப் பையனுக்கோ பள்ளி முடியும்வரை ‘மௌரௌ’ என்பதே பட்டப்பெயர். முதல் நாளுக்கு முன்பே பதிவேட்டை வாங்கி, பழைய ஆசிரியரிடமோ அலுவலக உதவியாளரிடமோ பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லக் கேட்டு, பக்கத்தில் பென்சிலால் தமிழில் குறித்துக்கொள்வதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதைவிட லாபமான கால் மணி நேரம் ஆசிரியப் பணியில் குறைவு.

பெயருக்கு அடுத்தது விளி. ‘வா, போ’ என்பதா, ‘வாங்க, போங்க’ என்பதா? பள்ளியில் ‘வா’ போதும், கல்லூரியில் ‘வாங்க’ நல்லது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் மாணவர்கள் உற்றுக் கேட்பது எந்தச் சொல் என்பதையல்ல, எல்லோருக்கும் ஒரே சொல்லா என்பதை. அதிகாரி மகனுக்கு ‘வாப்பா’, கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீட்டுப் பையனுக்கு ‘டேய்’ என்று நாக்கு தானாகப் பிரித்துப் பேசும். பேசுகிறவருக்கே அது தெரியாது, வகுப்பு முழுக்கத் தெரியும். 2010-இல் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம், 2016-இல் வந்த ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக் கிளை போன்ற இடங்களில் இதே சிக்கல் மொழியாக வரும். வெளிமாநில மாணவர்கள் கலந்திருக்கும் வகுப்பில் நகைச்சுவையை மட்டும் தமிழில் சொன்னால், சிரிக்க முடியாத பாதிப் பேர் அந்த ஆசிரியர் தங்களுக்கு உரியவரல்ல என்று முடிவு செய்துவிடுவார்கள்.

உடையைப் பற்றிப் பேச்சுதான் அதிகம், விஷயம் கொஞ்சம். தமிழ்நாட்டு அரசு 2019-இல் தன் ஊழியர்களுக்கு உடை விதி ஒன்றை வெளியிட்டபோதும் அதைச் சுற்றி நிறைய விவாதம் நடந்தது. கடலோரப் புழுக்கத்தில் துவைத்துத் தேய்த்த பருத்தி உடை போதும். சுண்ணக்கட்டித் தூளை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

நல்லாசிரியரின் இலக்கணம் பேசும் இடங்களில் நன்னூலை எடுக்காதவர் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த அந்த நூலின் பொதுப்பாயிரம் நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை ஆசிரியருக்கு உவமை சொல்கிறது. மேடைக்கு அவை நல்லவை. வேலைக்கு உதவுவது, ஆசிரியராகத் தகாதவருக்கு அதே நூல் சொல்லும் நான்கு.

முதலாவது கழற்குடம். கழற்காய் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. வரிசை இல்லாமல் பாடம் சொல்பவர் இவர். இன்றைய வகுப்பில் இவரை அடையாளம் காணக் கரும்பலகையைப் பார்த்தால் போதும்: நடுவில் ஒரு சமன்பாடு, இடுக்கில் ஒரு படம், மூலையில் அம்புக்குறி போட்டு இன்னொரு வரி. கடைசி வரிசைப் பையன் எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிடுவான். இடது ஓரத்தில் பாடத் தலைப்பையும் அன்றைய மூன்று நான்கு உட்தலைப்புகளையும் எழுதி, மணி அடிக்கும்வரை அந்தப் பகுதியை அழிக்காமல் வைத்தால், தாமதமாக வந்தவனுக்குக்கூடப் பாடம் எங்கே நிற்கிறது என்று புரியும்.

இரண்டாவது மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. இளம் ஆசிரியர்கள் பலர் இதையே கண்ணியம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ‘முதல் ஒரு மாதம் பல்லைக் காட்டாதே’ என்று ஆசிரியர் அறையில் மூத்தவர்கள் சொல்லும் அறிவுரையும் இதற்கு உரம். அது மோசமான அறிவுரை. சிரிப்பதால் வகுப்பு கைமீறுவதில்லை. நேற்று விட்டுக்கொடுத்ததற்கு இன்று தண்டிப்பதால்தான் கைமீறுகிறது.

மூன்றாவது பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய கலத்தில் அடைத்த பஞ்சு போல, பிடுங்கப் பிடுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருபவர். ‘இது உங்களுக்கு இப்போது வேண்டாம்’ என்பார். பெரும்பாலும் அவருக்கே தெரியாத இடத்தில்தான் அந்தச் சொல் வரும். நான்காவது முடத்தெங்கு: ஒருவர் தண்ணீர் ஊற்ற, வளைந்துபோய் அடுத்தவர் கொல்லையில் காய் போடும் தென்னை. சம்பளம் பள்ளியில், உழைப்பு மாலை டியூஷனில் என்று இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில் ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். டியூஷனுக்கு வரும் நான்கு பேருக்கு மட்டும் தேர்வுக் கேள்வி முன்கூட்டிக் கசிந்தது என்ற சந்தேகம் ஒன்று போதும். அதன்பின் அந்த ஆசிரியர் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அது எடுபடாது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறியதில், தெரியாததை எப்படிச் சொல்வது என்ற பழைய கேள்வி காரைக்காலில் புதிதாக முளைத்தது. பல ஆண்டுகள் ஒரே புத்தகத்தை மனப்பாடமாக நடத்தியவர்கள்கூடப் புதிய புத்தகத்தோடு நிற்க வேண்டி வந்தது. மாணவர் ஒரு கேள்வி கேட்கிறார்; விடை தெரியவில்லை. ‘அதெல்லாம் சிலபஸில் இல்லை’ என்று அடைப்பதும், எதையோ சொல்லிச் சமாளிப்பதும் கைபேசிக் காலத்தில் அன்று இரவே அம்பலமாகிவிடும். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்பதே நேர்வழி. ஆனால் அதில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கேள்வியையும் கேட்டவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் யாரும் நினைவூட்டும் முன் அதிலிருந்தே வகுப்பைத் தொடங்குபவர்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்புச் சேர்க்கிறார். சொல்லிவிட்டு மறந்தவர், சமாளித்தவரைவிடக் கீழே இறங்கிவிடுகிறார்.

விடைத்தாளும் அப்படித்தான். ஒரு வாரத்துக்குள் திரும்பி வரும் தாள் பாடம். ஒரு மாதம் கழித்து வருவது வெறும் காகிதம். கூட்டலில் தவறு என்று மாணவர் வந்தால் முகம் சுளிக்காமல் அவர் முன்னாலேயே கூட்டிப் பார்க்க வேண்டும், ஒரே படிநிலைக்கு ஒருவருக்கு இரண்டும் இன்னொருவருக்கு ஒன்றும் போட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கிப் பெயர் சொல்லி உரக்கப் படிக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. பிரம்பு மட்டுமல்ல, மன வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது என்பது பல ஆசிரியர் அறைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

செய்முறை வகுப்புகளில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பு குறைவு. செருமாவிலங்கையில் 1987-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி போன்ற இடத்தில் வரப்பில் நின்று ‘இறங்கி நடுங்கள்’ என்பவரும் இருக்கலாம், கால்சட்டையை மடித்துக்கொண்டு முதலில் சேற்றில் இறங்குபவரும் இருக்கலாம். இரண்டாமவர் நட்ட வரிசை கோணலாகவே இருந்தாலும் மாணவர்கள் அவர் பின்னால் இறங்குவார்கள். ஆய்வுக்கூடத்திலும் அப்படியே: பாதுகாப்புக் கண்ணாடியைத் தான் போடாமல் மாணவரைப் போடச் சொல்வது செல்லாது.

வகுப்புக்கு வெளியே அதிகம் செய்ய வேண்டியதில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசும் கூட்டத்துக்குள்ளிருந்து ‘சார்!’ என்று குரல் வந்தால் கையசைத்தால் போதும். காரைக்காலில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. குடிப்பது அவரவர் விருப்பம், ஆனால் வாசலில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பவரைப் பற்றி மறுநாள் வகுப்பு பேசாமல் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு மேல் பாடக்குறிப்பு அனுப்புவது அக்கறையாகத் தோன்றினாலும் தொல்லையாகவே போய்ச்சேரும். மாணவருக்குத் தனியே செய்தி அனுப்புவதைவிடக் குழுவில் எல்லோருக்கும் தெரிய அனுப்புவது இருதரப்புக்கும் நல்லது. சக ஆசிரியரைப் பற்றி மாணவரிடம் குறை சொல்வது எந்த நிலையிலும் கூடாது. கௌரவ விரிவுரையாளராக மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு நிர்வாகத்தின் மீது உண்மையான மனக்குறைகள் இருக்கும். அவற்றைக் கொட்டும் இடம் வகுப்பறை அல்ல.

கடைசியாக மாற்றல். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்காலை, வந்தவுடனே திரும்பிப் போகும் நாளை எண்ணும் ஊராகப் பலர் நினைப்பதுண்டு. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மேசையடியில் தயாராக இருக்கும் பயணப்பையும், கடலூர்ப் பேருந்துக்காகக் கடிகாரத்தைப் பார்க்கும் கண்ணும் மாணவர்களுக்கு அத்தனையையும் சொல்லிவிடும். ஊருக்குப் போவதில் தவறில்லை. பையை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு வந்து, மணி அடித்தபின் கிளம்பலாம். மாற்றல் ஆணை வந்துவிட்டால், எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, எந்தத் தாள்கள் இன்னும் திருத்தப்படவில்லை, எந்த மாணவருக்கு எந்த இடத்தில் தடுக்குகிறது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி, பென்சில் குறிப்புகளோடு பதிவேட்டையும் அடுத்து வருபவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.