பன்னிரண்டு பேர்ச்சஸ் வீடும் பேசாத அண்ணனும்

கேள்வி: என் அப்பா கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருஷம் வேலை செய்து, கட்டுகஸ்தோட்டையில் பன்னிரண்டு பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டினார். உறுதி அவர் பெயரில்தான். ஐந்து வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். மரண சாசனம் எழுதவில்லை. அண்ணன், நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள். தம்பி கட்டாரில். அண்ணன் குடும்பம் அம்மாவோடு அந்த வீட்டில் இருக்கிறது. மேல் மாடியை அண்ணன்தான் தன் காசில் கட்டினார். போன வருஷம் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். "உனக்குப் பதினைந்து பவுண் போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்றார். அத்தையும் அதையே சொல்கிறார். கண்டியில் தீக கல்யாணம் கட்டிப் போன பெண்ணுக்குச் சொத்தில்லை என்று விஷயம் தெரிந்தவர்களே சொன்னதாக அண்ணி சொல்கிறார். நான் கையெழுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் திதிக்கும் கூப்பிடவில்லை. அம்மாவின் போனை அண்ணிதான் எடுக்கிறார். "அம்மா தூங்குறாங்க" என்று வைத்துவிடுகிறார். எனக்குக் காணி பெரிதில்லை, அம்மாவைப் பார்க்க வேண்டும். வழக்குப் போட்டால் அண்ணனை ஒரேயடியாக இழந்துவிடுவேனா?

வாசகி, வத்தேகம

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். காணிப் பிரச்சினை என்று என்னிடம் வருபவர்களில் பலர், உறுதியை மேசையில் வைத்துப் பேச ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் செத்த வீட்டில் யார் யாரைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதில் போய் நிற்பார்கள். நீங்கள் திதியையும் போனையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் வேலை கொஞ்சம் சுலபமாகிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. சட்டத்தால் தீர்க்கக்கூடியது ஒன்று. சட்டம் தொட முடியாதது மற்றது. முதலாவதைத் தீர்க்காமல் இழுத்துக்கொண்டு போனால் இரண்டாவது ஒருபோதும் ஆறாது. அதனால் காணியிலிருந்தே தொடங்குகிறேன்.

தீகக் கதையை முதலில் ஒதுக்கி வைப்போம். கண்டிச் சட்டம் என்பது கண்டியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்குமான சட்டம் அல்ல. அது கண்டியச் சிங்களவர்களுக்கு உரியது; 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்றில் தொகுக்கப்பட்டது. தீக முறையில், அதாவது கணவன் வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட மகள் தகப்பன் சொத்தில் உரிமை இழப்பது அந்தச் சட்டத்தின் கதை. விலாசத்தில் கண்டி என்று இருப்பதால் ஒரு மலையகத் தமிழ்க் குடும்பத்துக்கு அது வந்து ஒட்டிக்கொள்ளாது. உங்கள் அப்பா யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவராக இருந்தால் தேசவழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். முஸ்லிம்களுக்கு 1931இன் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான், அதாவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்.

அந்தச் சட்டத்தின்படி, மரண சாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் மனைவிக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற பேதமும் இல்லை, கட்டிக்கொடுத்தவள், கொடுக்காதவள் என்ற பேதமும் இல்லை. கணக்குப் பார்த்தால் அம்மாவுக்கு ஆறு பேர்ச்சஸ். அண்ணனுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு இரண்டு. இதை அம்மாவோ அண்ணனோ உங்களுக்குத் "தர" வேண்டியதில்லை. அப்பா கண்ணை மூடிய அன்றே அது உங்களுடையதாகிவிட்டது.

பதினைந்து பவுண் பற்றி அண்ணன் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு மேலாக ஒரு பிள்ளைக்குக் கல்யாணத்துக்கோ வாழ்க்கையில் காலூன்றவோ பெற்றோர் கொடுத்ததைப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அதை விட்டுக்கொடுத்திருந்தால் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அண்ணன் தொழில் தொடங்க அப்பா திரீவீல் வாங்கிக் கொடுத்தாரா? தம்பி கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்டினாரா? அப்படியானால் அவையும் அதே தராசில் ஏற வேண்டும். "நகை போட்டாச்சு, பங்கு போச்சு" என்று மட்டும் எந்த நீதிமன்றமும் சொல்லாது.

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல் மாடி அவர் காசு. பிரிவிடல் வழக்கு என்று வந்தால், கூட்டுச் சொத்தில் அவர் செய்த கட்டடத்துக்கு நட்டஈடு கேட்கலாம், நீதிமன்றமும் அதைக் கவனிக்கும். அதேபோல, ஐந்து வருஷமாக அம்மாவுக்குச் சோறு போட்டதும், ஆஸ்பத்திரிக் கியூவில் நின்றதும் யார்? சட்டப்படி அதற்குக் கூடுதல் பங்கு கிடையாது. ஆனாலும் உட்கார்ந்து பேசும்போது அதை நீங்களே முதலில் வாய்விட்டுச் சொன்னால், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். இதைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

இப்போது அந்தச் சிங்களத் தாள். அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சும்மா ஒரு கடதாசியில் "என் பங்கு வேண்டாம்" என்று எழுதி ஒப்பமிட்டால் காணி கைமாறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால், நொத்தாரிசு அதை வாசித்து விளங்கப்படுத்துவது கடமை, தயவு அல்ல. மூன்றாவது பக்கத்தின் அடியில் பென்சிலால் புள்ளடி போட்டு, "இந்த இடத்தில மட்டும் வையுங்க அக்கா" என்று ஒரு பொடியன் வீட்டுக்கே கொண்டுவரும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஆறுதலாக ஒரு பிரதி வாங்கி, தமிழ் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். காசு சிரமமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்துக்குப் போகலாம். யோசித்துப் பார்த்து, பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க மனம் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவர் பேசாமலிருப்பார் என்ற பயத்தில் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தவர்கள் பத்து வருஷம் கழித்தும் அழுதுகொண்டு வருகிறார்கள்.

அம்மாவின் பாதி உங்கள் பங்கைவிடப் பெரிய விஷயம். அவர் தன் ஆறு பேர்ச்சஸை நன்கொடை உறுதியாக அண்ணனுக்கு எழுதி, அண்ணன் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு மனம் மாறினாலும் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அம்மாவிடம் கொடிய நன்றிகெட்டதனம் காட்டினார் என்று நிரூபித்து, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை பெற வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. அம்மா எழுதத்தான் போகிறார் என்றால், சீவிய உருத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். உயிருள்ள வரை அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை இருக்கும், யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. இதைச் சொல்வதால் நீங்கள் அண்ணனுக்கு எதிரி ஆகிவிட மாட்டீர்கள்.

"பத்து வருஷம் நான் இருந்தால் வீடு எனக்குத்தான்" என்று அண்ணன் சொல்லலாம். 1871ஆம் ஆண்டின் சட்டத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்ட பேச்சு அது. இதற்கு நூறு வருஷத்துக்கு முந்திய வழக்கொன்று இருக்கிறது, சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இறந்துபோன சகோதரன் எலியாஸின் காணியில் இசெரிஸ் அப்புஹாமி என்பவர் குடியிருந்தார். மற்ற வாரிசுகளின் பங்கை கொரேயா என்பவர் வாங்கினார். நீண்ட காலம் தானே ஆண்டேன், எல்லாம் எனக்கே என்றார் இசெரிஸ். வழக்கு இங்கிருந்து லண்டனுக்கு, பிரிவி கவுன்சில்வரை போனது. கூட்டுரிமையாளர் ஒருவரின் குடியிருப்பு மற்றவர்களுக்காகவும்தான். தனக்கு மட்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டால் போதாது, மற்றவர்களை வெளியேற்றியதற்குச் சமமான வெளிப்படையான செயல் வேண்டும் என்று 1911இல் தீர்ப்பாயிற்று. அதனால் உங்கள் ஐந்து வருஷ மௌனம் உங்கள் பங்கை அழித்துவிடவில்லை. ஆனால் அதை நம்பித் தூங்கிவிடவும் கூடாது. மிக நீண்ட காலம் ஒருவரே தனியாக ஆண்டுவந்தால், மற்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்றே ஊகிக்கலாம் என்று 1918இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அடுத்து என்ன செய்யலாம்? நேரே கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பிரிவிடல் வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. கூட்டுரிமையில் இருந்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நான் இப்போது அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். சேர்வேயர் வந்து அளக்க வேண்டும், கட்டாரிலிருக்கும் தம்பிக்கு அழைப்பாணை போக வேண்டும், மேல் மாடிக்கு விலை மதிக்க வேண்டும். பத்து வருஷத்தைத் தாண்டிய பிரிவிடல் வழக்குகள் நம் நீதிமன்றங்களில் அபூர்வமல்ல. உங்கள் இரண்டு பேர்ச்சஸைத் தனித் துண்டாக வெட்டி எடுக்கவும் நடைமுறையில் முடியாது. கடைசியில் ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்க வேண்டும். அந்த இடத்துக்கு வழக்கில்லாமலே போகலாம்.

மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானவை அவை. சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூடங்களில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே வாதாடுவதில்லை. அது உங்களைப் போன்றவர்களுக்கு நல்லதுதான். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஒரு அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஊரில் மதிப்புள்ள மூன்று பேர் நடுவில் இருந்து, ஆறேழு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த காட்சியை நான் மறக்கவில்லை. அன்று இணக்கம் வரவில்லை. ஆனால் போகும்போது அண்ணன் தங்கையின் பிள்ளையைப் பற்றி விசாரித்தார். அடுத்த அமர்வில் தீர்ந்தது. உங்கள் விஷயத்தில் இணக்கம் வந்தால் கையோடு நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதிவிடுங்கள். வாய்ப் பேச்சில் விட்டால் மறுபடியும் அத்தை வந்துவிடுவார்.

இதற்கிடையில் ஒரு நாள் கண்டி காணிப் பதிவகத்துக்குப் போய், அந்தக் காணியின் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது உறுதி பதிவாகியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

அம்மாவைப் பற்றி. வயது வந்த மகள் தாயைச் சந்திக்க "விசிட்டிங்" கட்டளை கொடுக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் அம்மா கைதியும் அல்ல. அந்த வீட்டின் பாதிச் சொந்தக்காரர் அவர். வாசலில் நின்று தாயைக் கூப்பிட உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அண்ணி கதவைத் திறக்காவிட்டால் சத்தம் போடாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்கான உத்தியோகத்தர் இருப்பார். கிராம உத்தியோகத்தருடன் அவர் போய் அம்மாவிடம் தனியாகப் பேசி, அவர் விருப்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்கிறது. தேவைப்பட்டால் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் பெற்றோருக்கு வழி வைத்திருக்கிறது. அம்மாவை அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், தொடர்ந்து அவமானப்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தால் அது வேறு கட்டம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அம்மாவோ, அவர் சார்பில் பொலிசாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி முறைப்பாடு கொடுக்காதீர்கள், அந்தக் காயம் ஆறாது.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வழக்குப் போட்டால் அண்ணனை இழப்பீர்களா? சட்டத்தரணியாக எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வீடு என்ன வீடு என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். லயத்துக் காம்பராவில் பிறந்த ஒருவர். 1948இல் குடியுரிமையே மறுக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளை. அவர் பெயரில் எழுதப்பட்ட உறுதி உங்கள் பரம்பரையிலேயே முதல் உறுதியாக இருக்கக்கூடும். அதை உங்கள் அண்ணன் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பேராசையால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அப்பாவின் உழைப்பைக் காக்கிறேன் என்று அவர் உண்மையாகவே நம்பக்கூடும். பங்கு கேட்கும் தங்கை அதை உடைக்க வருகிறாள் என்றும் நினைக்கக்கூடும். நீங்களும் அதே உழைப்பின் மகள்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தம்பியோடு முதலில் பேசுங்கள். மூன்றாம் ஆளாக அவர் நடுவில் நிற்க முடியும். அவருக்கும் இரண்டு பேர்ச்சஸ் இருக்கிறது, கையெழுத்தும் வேண்டும். அவர் இங்கே வராமலே அங்கிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். மத்தியஸ்த சபை விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன் அண்ணனுக்கு நீங்களே ஒரு தடவை போன் எடுங்கள். காணியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். இந்த வருஷம் அப்பாவின் திதி எந்த நாளில் வருகிறது, ஐயரிடம் கேட்டாயிற்றா, நான் என்ன கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.