ஆடிட்டர் கையெழுத்து போட்டுட்டாரு, அப்புறம் என்ன பயம்? ஆடிட் ரிப்போர்ட்டைப் படிக்கக் கத்துக்கலாம் வாங்க



ஷேர் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும்: "கணக்கை ஆடிட்டர் பாத்து கையெழுத்து போட்டிருக்காரே, அது போதாதா?" ஒரு ஆடிட்டரா நான் சொல்ற பதில்: அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. ஆனா அது எதுக்கு உறுதி தருது, எதுக்குத் தரலைன்னு தெரிஞ்சாத்தான் அந்த மதிப்பு உங்களுக்குப் பயன்படும்.

இன்னைக்கு மூணு விஷயம் பாக்கலாம். ஆடிட் எப்படி நடக்குது, அது எங்க கோட்டை விட்டது, அந்த ரிப்போர்ட்டை நீங்க எப்படிப் படிக்கணும். கடைசில உங்க பிஎஃப் பணத்துக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு வருது, அதைத் தவற விடாதீங்க.

ஆடிட் எது, எது இல்லை

முதல்ல ஒரு தெளிவு. கணக்கைத் தயாரிப்பது கம்பெனி நிர்வாகத்தின் பொறுப்பு. ஆடிட்டர் அதைச் சோதிச்சு ஒரு கருத்து சொல்றார், அவ்வளவுதான். அந்தக் கருத்து நூறு சதவீத கேரண்டி கிடையாது. எங்க தரநிலைகள் அதை 'நியாயமான உறுதி' என்றுதான் சொல்கின்றன. உயர்ந்த அளவு உறுதி, ஆனால் முழு உறுதி இல்லை.

ஏன்னா லட்சக்கணக்கான பில்லையும் ஒவ்வொண்ணா பாக்க முடியாது. எங்க ஆபத்து அதிகமோ அங்க அதிகமாகவும், மத்த இடத்துல சாம்பிள் எடுத்தும் பாக்குறோம். கூடவே 'மெட்டீரியாலிட்டி'ன்னு ஒரு அளவுகோல் இருக்கு. ஒரு கம்பெனியோட வரிக்கு முந்தைய லாபம் 200 கோடின்னு வெச்சுக்கோங்க. நடைமுறையில் பலரும் அதில் 5 சதவீதம், அதாவது 10 கோடியை அளவாக வைப்பார்கள். அங்கே 3 லட்ச ரூபாய் தப்பு யாருடைய முதலீட்டு முடிவையும் மாற்றாது. ஆனா அதே 3 லட்சத்தை ஒரு டைரக்டர் கையாடியிருந்தா, தொகை சின்னதுன்னு விட முடியாது. தொகையைப் போலவே தன்மையும் முக்கியம்.

இன்னொண்ணு. 'க்ளீன் ரிப்போர்ட்'னா நல்ல கம்பெனின்னு அர்த்தம் இல்லை. நஷ்டத்தில் ஓடும் கம்பெனி அந்த நஷ்டத்தை ஒளிக்காமல் காட்டினால் அதற்கும் க்ளீன் ரிப்போர்ட்தான்.

ஒரு எண்ணை எப்படிச் சோதிப்பது?

நீங்க நாலு பேர் ஒரே ரூம்ல தங்கி இருக்கீங்க. ஒருத்தர்தான் செலவு நோட்டு எழுதுறார். அவர் செலவைக் கூட்டி எழுதுறாரான்னு சந்தேகம். என்ன செய்வீங்க? நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பில் கேட்பீங்க. அதாவது நோட்டிலிருந்து ஆதாரத்துக்குப் போறீங்க.

இப்ப வேற சந்தேகம். எல்லாரும் கொடுத்த பணத்தை அவர் வரவுல எழுதினாரா? இதுக்கு நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் பயனில்லை. எழுதாம விட்டது நோட்டுல எப்படித் தெரியும்? உங்க ஜிபே ஹிஸ்டரியை எடுத்து வெச்சுக்கிட்டு, அந்தத் தொகை நோட்டில் இருக்கான்னு தேடணும். இங்கே ஆதாரத்திலிருந்து நோட்டுக்கு வர்றீங்க.

ஆடிட்டின் பாதி சாரம் இந்த ரெண்டு திசைதான். கம்பெனிகள் சொத்தையும் விற்பனையையும் கூட்டிக் காட்ட ஆசைப்படும், அதனால அங்கே கணக்கிலிருந்து ஆதாரத்துக்குப் போகணும். கடனையும் செலவையும் மறைக்க ஆசைப்படும், அங்கே ஆதாரத்திலிருந்து கணக்குக்கு வரணும்.

ஆதாரத்திலும் தரவரிசை உண்டு. வாய்ச்சொல்லை விட எழுத்து மேல். ஜெராக்ஸை விட ஒரிஜினல் மேல். கம்பெனி தரும் காகிதத்தை விட வெளியாள் நேரடியாக ஆடிட்டருக்கு அனுப்புவது மேல். இந்தக் கடைசி விதிக்கு எஸ்.ஏ. 505 என்று ஒரு தனித் தரநிலையே இருக்கு. அது மீறப்பட்டால் என்ன ஆகும்னு இந்தியாவே பாத்துச்சு.

சத்யம்: இல்லாத 5,040 கோடி

2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 தேதியிட்ட கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அன்னைக்கு ஒரே நாள்ல ஷேர் விலை ஏறக்குறைய 78 சதவீதம் விழுந்துச்சு.

கடிதத்தில் இருந்த மற்ற எண்களையும் நம்ம ரெண்டு திசைல பிரிச்சுப் பாருங்க. வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடி பொய். வாடிக்கையாளர் பாக்கி 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டது. இவை சொத்தை ஊதிய பக்கம். கணக்கில் வராத கடன் 1,230 கோடி, இது மறைத்த பக்கம். ஒரே கடிதத்துல ரெண்டு வகை மோசடியும் இருக்கு.

இதுல கொடுமை என்னன்னா, வங்கி இருப்புதான் சரிபார்க்க ரொம்ப எளிதான சொத்து. கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பில் வாதம் இருக்கலாம், வங்கி இருப்பில் என்ன வாதம்? வங்கிக்கு ஆடிட்டரே கடிதம் எழுதணும், பதில் நேரா ஆடிட்டர் கைக்கு வரணும். அமெரிக்காவின் எஸ்.இ.சி. 2011-ல் வெளியிட்ட உத்தரவு, சத்யத்தின் ஆடிட்டர்களான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்த உறுதிக்கடித நடைமுறையைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை, அதைக் கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள் என்று சொன்னது. சோதிக்கப்படுபவர் கை வழியாக வருவது முழு ஆதாரம் ஆகாது.

இது இந்தியக் கதை மட்டும் இல்லை. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் கணக்கில் இருந்த 1.9 பில்லியன் யூரோ காணோம். பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகக் காட்டிய பணம் அது. சம்பந்தப்பட்ட ரெண்டு வங்கிகளும் அந்த ஆவணங்கள் போலி என்று சொல்லிவிட்டன.

ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது?

ஆண்டறிக்கை 300 பக்கம் இருக்கும். பயப்படாதீங்க. 'இண்டிபெண்டன்ட் ஆடிட்டர்ஸ் ரிப்போர்ட்'னு தேடுங்க. சில பக்கங்கள்தான். இந்த வரிசையில் படிங்க.

1. கருத்துப் பத்தி. நாலு வகை உண்டு.

- அன்மாடிஃபைட்: கணக்கு உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுது. இதைத்தான் க்ளீன் என்கிறோம்.
- குவாலிஃபைட்: 'இந்த ஒரு விஷயம் தவிர' மற்றதெல்லாம் சரி. 'எக்செப்ட் ஃபார்' என்ற வார்த்தையைத் தேடுங்க.
- அட்வர்ஸ்: கணக்கு சரியில்லை. தப்பு பெரியது, கணக்கு முழுக்கப் பரவியிருக்கு.
- டிஸ்க்ளெய்மர்: போதிய ஆதாரம் கிடைக்கலை, அதனால் கருத்தே சொல்ல முடியலை.

கடைசி மூணில் எது இருந்தாலும் காரணம் அதுக்கு அடுத்த பத்திலயே எழுதியிருக்கும். அதைப் படிக்காம ஒரு ஷேர்கூட வாங்காதீங்க.

2. கோயிங் கன்சர்ன். அடுத்த ஒரு வருடம் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய சந்தேகம் இருந்தால் இதுக்குத் தனித் தலைப்பே வரும். மேலே கருத்து க்ளீனா இருந்தாலும் இது வரலாம். பலரும் தவறவிடுற இடம் இது.

3. எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர். கருத்து மாறலை, ஆனா 'இந்தக் குறிப்பைக் கண்டிப்பா பாருங்க'ன்னு ஆடிட்டர் விரல் காட்டுறார். அவர் சொன்ன குறிப்பு எண்ணுக்குப் போய்ப் படிங்க.

4. கீ ஆடிட் மேட்டர்ஸ். லிஸ்ட் ஆன கம்பெனிகளில் ஆடிட்டர் அதிக நேரமும் கவனமும் செலவழிச்ச இடங்கள். குறைன்னு அர்த்தம் இல்லை. கம்பெனி கணக்கில் எங்கே அனுமானம் அதிகம்னு இது காட்டும்.

5. காரோ இணைப்பு. காரோ 2020 என்ற மத்திய அரசு உத்தரவின்படி ஆடிட்டர் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், சின்ன கம்பெனிகள் போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. கடன் தவணை தவறியதா, மோசடி கண்டுபிடிக்கப்பட்டதா, வருஷ நடுவில் முந்தைய ஆடிட்டர் ராஜினாமா செய்தாரா, எல்லாம் இங்கே இருக்கும்.

இப்ப உங்க பிஎஃப் பணத்துக்கு வருவோம்

காரோவின் 7-வது பிரிவு சம்பளக்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது. பிஎஃப், இஎஸ்ஐ, வருமான வரி, ஜிஎஸ்டி போன்றவற்றைக் கம்பெனி ஒழுங்கா கட்டுதா, ஆறு மாசத்துக்கு மேல பாக்கி இருக்கான்னு ஆடிட்டர் இங்கே சொல்லணும்.

வார்த்தைகளைக் கவனிங்க. 'ஜெனரலி ரெகுலர்' என்றால் பெரும்பாலும் ஒழுங்கு. 'ஸ்லைட் டிலே இன் எ ஃபியூ கேஸஸ்' என்றால் சில தடவை சின்னத் தாமதம். 'நாட் பீன் ரெகுலர்' என்றோ 'சீரியஸ் டிலேஸ்' என்றோ வந்தால் உங்க சம்பளத்தில் பிடிச்ச பணமே தாமதமாகியிருக்கலாம். புது வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியின் இந்த ஒரு பிரிவைப் பாருங்க. லிஸ்ட் ஆகாத கம்பெனியா இருந்தாலும் அவர்கள் தாக்கல் செய்த கணக்கை எம்சிஏ தளத்தில் சின்னக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

அதோட நிறுத்தாம, உங்க கணக்குக்கு நீங்களே ஆடிட்டர் ஆகுங்க.

- பே ஸ்லிப்பில் பிடிச்ச பிஎஃப் தொகையை இபிஎஃப்ஓ பாஸ்புக்கில் மாசா மாசம் தேடுங்க. ஒரு மாசத்துக்கான தொகையை அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டணும்.
- பிடிச்ச டிடிஎஸ் 26ஏஎஸ்-இல் வந்திருக்கான்னு பாருங்க. கம்பெனி காலாண்டு ஸ்டேட்மென்ட் தாக்கல் செய்த பிறகுதான் வரும், அதனால் காலாண்டுக்கு ஒரு தடவை பாத்தா போதும்.
- எதிர்த்திசையிலும் பாருங்க. ஏஐஎஸ்-இல் இருக்கும் வட்டி, டிவிடெண்ட் எல்லாம் உங்க ரிட்டர்னில் வந்திருக்கா? நீங்க மறந்தது வரித்துறைக்குத் தெரியும்.

ரெண்டையும் நீங்களே லாகின் பண்ணிப் பாருங்க. ஹெச்ஆர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். ஹெச்ஆர் நல்லவரா இருக்கலாம், ஆனா சத்யம் கத்துக் கொடுத்த பாடம் இதுதான்: ஆதாரம் மூலத்திலிருந்து நேரா உங்க கைக்கு வரணும். பிஎஃப் வரலைன்னா முதலில் ஹெச்ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்க. அதுக்கும் அசையலைன்னா இபிஎஃப்ஓ குறைதீர்ப்பு தளத்தில் புகார் பதிவு பண்ணுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க கிட்ட இருக்கிற ஒரு ஷேரை எடுத்துக்கோங்க. அந்தக் கம்பெனியின் கடைசி ஆண்டறிக்கையை டவுன்லோட் பண்ணி, மேலே சொன்ன அஞ்சு இடத்தையும் படிங்க. அப்புறம் உங்க பாஸ்புக்கைத் திறந்து போன ஆறு மாச பிஎஃப் வரவை பே ஸ்லிப்போட ஒத்துப் பாருங்க. மொத்தம் அரை மணி நேரம்தான் ஆகும். ரிப்போர்ட்டில் புரியாத வரி வந்தா கமெண்ட்ல அனுப்புங்க, அடுத்த வீடியோவில் அதையே எடுத்துப் பேசலாம்.