பெருஞ்சீரகம்: பயனும் அளவும் அவதானமும்

மலையகத்துச் சமையலறைகளில் பெருஞ்சீரகம் இல்லாத சரக்குப் பெட்டியைக் காண்பது அரிது. கறிக்கு அரைக்கும் மசாலையிலும், திருவிழாக் காலங்களில் அடியார்களுக்காகப் பொரிக்கும் பருப்பு வடையிலும் அதன் மணம் தனித்துத் தெரியும். தோட்டப்புற மக்கள் ‘சோம்பு’ என்பதும், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பகுதி மக்கள் ‘பெருஞ்சீரகம்’ என்பதும், சிங்கள மக்கள் ‘மாதுரு’ என்பதும் இந்த ஒரே பொருளைத்தான்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் வீதியிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளைக்குச் செல்லும் வீதி பிரியும் இடம் பெரகல. குளிரும் பனிமூட்டமும் நிறைந்த இப்பகுதியில் வயிறு உப்பினாலும், குழந்தை வீறிட்டு அழுதாலும், பால் சுரப்புக் குறைந்தாலும் முதலில் அடுப்பில் ஏறுவது சோம்புத் தண்ணீரே. இப்பழக்கத்தில் நன்மையும் உண்டு. அறியாமல் செய்தால் தீங்கும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவரதும் கடமையாகும்.

எது பெருஞ்சீரகம்?

கடையில் ‘சீரகம்’ என்று மட்டும் கேட்டால் வேறு பொருள் கைக்கு வரக்கூடும். நற்சீரகம் (சிங்களத்தில் சூதுரு) சிறியது, மண்ணிறமானது, காரமான மணமுடையது. பெருஞ்சீரகம் சற்றுப் பெரியது, பச்சை கலந்த மஞ்சள் நிறமானது, மென்றால் இனிப்பது. நாம் விதை என்று சொன்னாலும் அது உண்மையில் அச்செடியின் காய்ந்த கனியே. ஓமம், சதகுப்பை, கொத்தமல்லி ஆகியனவும் குடைபோலப் பூக்கும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருஞ்சீரகமும் அன்னாசிப்பூவும் இக்குடும்பத்தைச் சேராதவை.

இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடற்கரை நாடுகள். கிரேக்க மொழியில் இதன் பெயர் ‘மரத்தான்’. கி.மு. 490இல் போர் நடந்த மரத்தான் சமவெளி, அங்கு நிறைந்திருந்த இச்செடியால் பெயர் பெற்றதாகக் கூறுவர். இன்று உலகில் மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் அதிகம் பயிராகிறது. குஜராத்தின் உஞ்சா நகரச் சந்தை இவ்வியாபாரத்துக்குப் பேர்போனது.

வயிற்றில் என்ன செய்கிறது?

பெருஞ்சீரகத்தின் இனிய மணத்துக்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய். அந்த எண்ணெயின் பிரதான பகுதி ‘அனெத்தோல்’ என்னும் பொருள். இது குடலின் தசைகளை இளகச் செய்வதால், இறுகிப்பிடித்த வலி தணிந்து அடைபட்ட வாய்வு வெளியேறுகிறது. சாப்பாட்டுக்குப் பின் சிறிது பெருஞ்சீரகம் மெல்லும் வழக்கத்தின் பொருள் இதுவே. வாய் நாற்றத்தையும் அது குறைக்கிறது.

இதில் இரும்பும் கல்சியமும் நிறைய இருப்பதாகச் சிலர் சொல்வர். 100 கிராம் பெருஞ்சீரகத்தில் சுமார் 18 மில்லிகிராம் இரும்பு உண்டு என்பது உண்மை. ஆனால் யாரும் 100 கிராம் உண்பதில்லை. ஒரு தேக்கரண்டி சுமார் 2 கிராம். அதில் கிடைப்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பிணித் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம் தேவை. ஆகவே கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்குச் சோம்புத் தண்ணீர் ஒருபோதும் ஈடாகாது. அந்த மாத்திரையைத் தேநீருடன் விழுங்குவதும் தவறு. தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

தயாரிக்கும் முறை

பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தை அம்மியிலோ உரலிலோ இலேசாக நசுக்கி, ஒரு கோப்பை கொதிநீர் ஊற்றி, மூடி 15 நிமிடம் வைத்து வடித்து அருந்தலாம். நசுக்காவிட்டால் எண்ணெய் இறங்காது. திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும். ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தின் மூலிகைக் குழு 2007இல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை, நாளுக்கு 3 வேளை என அளவு கூறப்பட்டது. 2 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது என்பதும் அதன் அறிவுரை.

இந்த எல்லை ஏன்? பெருஞ்சீரக எண்ணெயில் ‘எஸ்ட்ரகோல்’ என்ற பொருளும் சிறிதளவு உண்டு. மிகையான அளவில் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு அது ஈரலில் புற்றுநோயை உண்டாக்கியது. கறியில் சேரும் சிறிய அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் மாதக்கணக்காகக் கஷாயம் குடிப்பதும், போத்தலில் விற்கும் எண்ணெயை உள்ளுக்கு எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பச்சிளம் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

அதிக அவதானம் வேண்டிய இடம் இதுவே. பிறந்து 2, 3 வாரங்களில் தொடங்கும் குழந்தையின் ஓயாத அழுகை 6 வார அளவில் உச்சமடைந்து, 3, 4 மாதங்களில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதற்குள் பாட்டிமார் சோம்புத் தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவது வழக்கம். மேல்நாட்டிலும் இதே எண்ணம் இருந்தது. 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் வில்லியம் வூட்வர்ட் தயாரித்த ‘கிரைப் வோட்டர்’ சதகுப்பை எண்ணெய் கலந்ததே. ஆரம்ப காலத்தில் அதில் மதுசாரமும் இருந்தது.

பாட்டிமாரின் அனுபவம் வெறும் கற்பனையன்று. ரஷ்யாவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பெருஞ்சீரக எண்ணெய்க் கலவை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 65 பேருக்கு வயிற்று வலி அழுகை நீங்கியது. வெறும் கலவை பெற்றவர்களில் அது நூற்றுக்கு 24 பேரளவில்தான். ஆனால் அங்கு கொடுத்தது அளந்து, சுத்தமாகத் தயாரித்த மருந்து. வீட்டில் காய்ச்சும் தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊற்று நீரும் சரியாகக் கழுவாத சங்கும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரலாம். சின்னஞ்சிறு வயிறு தண்ணீரால் நிறைந்தால் தாய்ப்பால் குறையும். பால் குறைந்தால் நிறை குறையும்.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தினதும் இலங்கைச் சுகாதார அமைச்சினதும் அறிவுரை. மேற்சொன்ன ஐரோப்பியக் குழுவும் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெருஞ்சீரகக் கஷாயத்தைப் பரிந்துரைக்கவில்லை. தேன் கலந்து கொடுப்பது இன்னும் ஆபத்து. ஒரு வயது நிறையும்வரை தேன் ஆகாது.

அன்னாசிப்பூவைக் காய்ச்சிக் கொடுப்பது பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. உண்ணத்தக்க சீன அன்னாசிப்பூவைப் போலவே தோன்றும் ஜப்பானிய வகை நஞ்சுடையது. அன்னாசிப்பூத் தேநீர் குடித்த சுமார் 40 பேர் வலிப்பு, வாந்தி முதலியவற்றால் பாதிக்கப்பட்டதையும், அவர்களில் சுமார் 15 பேர் கைக்குழந்தைகள் என்பதையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் அறிவித்தது.

அழும் குழந்தையைத் தோளில் நிமிர்த்தி முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வதும், மார்போடு அணைத்து மெல்ல ஆட்டுவதும் தீங்கற்ற வழிகள். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தாய்மாரும் நோயாளரும்

பெருஞ்சீரகம் பால் சுரக்கச் செய்யும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு உறுதியான சான்று குறைவு. குழந்தை அடிக்கடி மார்பில் உறிஞ்சுவதே பால் சுரப்புக்குச் சிறந்த வழி. பெருஞ்சீரகம் உள்ளிட்ட மூலிகைகள் கலந்த தேநீரை நாளுக்கு 2 லீற்றருக்கு மேல் குடித்த இரு தாய்மாரின் சிசுக்கள் சோர்ந்து, வாந்தியெடுத்து, அழுகுரல் நலிந்துபோனமை 1994இல் மருத்துவ ஏடொன்றில் பதிவாகியது. தாய்மார் அதை நிறுத்தியதும் சிசுக்கள் தேறினர். கர்ப்பிணிகள் கறியில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், நிரந்தரமாக மருந்து எடுப்போர், கொத்தமல்லி, கரட் போன்றவை ஒவ்வாதோர் வைத்தியரைக் கேட்காமல் கஷாயம் குடிக்கக் கூடாது. சீனி பூசிய வண்ணச் சோம்பு மிட்டாய் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆகாது.

வாய்வு என்று இருந்துவிடக் கூடாத வேளை

நெஞ்சு இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்பன மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். அதை ‘வாய்வுக் குத்து’ என்றெண்ணிச் சோம்புத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருப்பது உயிருக்கே ஆபத்து. தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் பாதை நீண்டது. எனவே புறப்படுவதில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். வயிற்றோட்டத்துக்கும் சோம்புத் தண்ணீர் மருந்தாகாது. ‘ஜீவனி’ கரைசலே முதலுதவி.

வெற்றிலைக்குப் பதிலாக

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கிய காரணங்கள். சுவாமிக்குத் தாம்பூலம் வைப்பது வேறு. நாள் முழுவதும் புகையிலையோடு வாயில் அடக்கி வைப்பது வேறு. அப்பழக்கத்தை விட முயல்வோர் வாய் தேடும்போது ஒரு சிட்டிகை பெருஞ்சீரகத்தை மெல்லலாம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

வாங்கி வைக்கும் முறை

ஊவாவின் ஈரக்காற்றில் சரக்குகள் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே 50, 100 கிராமாக வாங்கி, வெயிலில் ஒருமுறை காயவைத்து, இறுக மூடும் போத்தலில் வைப்பது நல்லது. அளவுக்கு மீறிய பச்சை நிறம் சாயமாக இருக்கலாம். நீரில் போட்டால் நிறம் கரைந்து தெரியும். பூஞ்சண மணம் வீசுவதை வறுத்துப் பயன்படுத்த எண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

இறைவன் படைத்த மூலிகைகளில் பெருஞ்சீரகம் எளியது, மலிவானது. அளவறிந்து கொண்டால் வயிற்றுக்கு இதமளிக்கும். ஆனால் பச்சிளம் குழந்தைக்குத் தாய்ப்பாலும், நோயாளிக்கு வைத்தியரும்தான் முதல் துணை. இவ்வுண்மையை வீட்டிலுள்ள இளம் தாய்மாருக்கும் மூத்த பாட்டிமாருக்கும் எடுத்துச் சொல்வதும் ஒரு திருத்தொண்டே. அடியார்கள் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற அம்பாள் அருள் புரிவாளாக.