பதவியில் இருப்பவரின் இரக்கம்



அழும் குழந்தையைக் கண்டு மனம் இளகாதவர் யார்? கையில் இருப்பதைக் கொடுத்து அதன் அழுகையை அமர்த்துவோம். சாதாரண மனிதருக்கு அது போதும். அதிகாரத்தில் இருப்பவருக்கு அது போதுமா?

ஓர் இரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்கு, கலீபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. விசாரித்தபோது, பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டுமே கலீபா உதவித்தொகை கொடுப்பதால், பாலை முன்கூட்டியே நிறுத்துவதாகத் தாய் சொன்னாள். கேட்டவர் கலீபா என்பதை அவள் அறியவில்லை.

தாம் போட்ட விதியே அக்குழந்தையை அழவைக்கிறது என்று உமர் (ரலி) அவர்கள் உணர்ந்தார்கள். பஜ்ருத் தொழுகையில், ஓதுவது பிறருக்கு விளங்காத அளவுக்கு அழுதார்கள். அழுததோடு நிற்கவில்லை. பிறந்தது முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று விதியை மாற்றி, எல்லாப் பகுதிகளுக்கும் எழுதினார்கள். அத்தாய்க்கு மட்டும் கொடுத்திருந்தால், மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே இருந்திருப்பார்கள் அல்லவா?

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தது. சிறுவயதில் தந்தையை இழந்து படிப்பை நிறுத்திய காமராஜர், 1956இல் மதிய உணவை மாநிலம் எங்கும் பரப்பினார். இளமையில் பசியை அறிந்த எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கினார். காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையிலே தொடங்கி வைத்தார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளில் சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள் பயன்பெற்றனர். இவர்கள் வெவ்வேறு கட்சியினர். ஆனால் பசித்த பிள்ளை கையேந்தாமலேயே சோறு கிடைக்க ஏற்பாடு செய்தார்கள்.

இதை முதலில் செய்தது ஒரு மாநகராட்சி என்பதைக் கவனியுங்கள். தனி நகராட்சியாக இருந்த ஆனையூர், 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. இங்குள்ள மாமன்ற உறுப்பினர் ஒருவர், தண்ணீர் வராத தெருவுக்குத் தம் காசில் ஒரு லாரித் தண்ணீர் அனுப்பினால் அது தர்மம், நன்றுதான். குழாயில் ஏன் வரவில்லை என்று அத்தெருப் பெண்களிடம் கேட்டறிந்து, மன்றத்தில் பேசித் தீர்த்து வைத்தால், அதுவே பதவி என்னும் அமானிதத்தை நிறைவேற்றுவது.

நமக்கும் கடமை உண்டு. அவரிடம் போகும்போது நம் வீட்டுக் குறையோடு, போக இயலாத அண்டை வீட்டு விதவையின் குறையையும் சேர்த்துச் சொல்வோம். வாக்களிக்கும்போது, நம் வீட்டுக்கு என்ன தந்தார் என்று பாராமல், எளியவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டாரா என்று பார்ப்போம்.

இரக்கமுள்ளவர்களை நமக்குப் பொறுப்பாளர்களாக வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.