அளவையும் நீதியும்

அளவை வணிகர்க்கு மட்டுமே உரிய பொருளென நாம் எண்ணுதல் தகாது. ஒரு நாட்டின் மரக்காலைக் கண்டு அந்நாட்டின் நீதியையும் அறியலாம். பிரான்சு நாட்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் அங்கே ஊருக்கோர் அளவை வழங்கிற்று. பாரிசு நகரத்து இறாத்தல் ஏறத்தாழ 489 கிராம். பிற நகரங்களில் அது வேறுபட்டது. நிலவளவையாகிய 'ஆர்ப்பாங்' பாரிசிலே ஏறத்தாழ 3,400 சதுர மீற்றர்; அரச வனங்களிலோ 5,100 சதுர மீற்றர். பெயர் ஒன்று, பரப்பு வேறு.

உழவர் பலர் ஒரு நாளில் உழத்தக்க நிலத்தையே ஓர் அலகாகக் கொண்டனர். செர்மனியரின் 'மோர்கன்' என்னும் நிலவளவைப் பெயருக்கும் காலைப்பொழுது என்பதே பொருள். விதைப்பாட்டால் நிலம் அளத்தலும் உண்டு. நம் நாட்டு வயற்புறத்தார்க்கு இது புதிதன்று. இவை அறியாமையால் எழுந்தனவல்ல. இறுகிய மண்ணில் ஒருநாள் உழவு சிறிதாகும். ஆதலின் அவ்வளவை பரப்பையன்றி உழைப்பையே உணர்த்திற்று.

ஆயின், தானிய அளவையிலே தீங்கு புகுந்தது. 'புவாசோ' எனும் மரக்கால் பாரிசில் ஏறத்தாழ 13 இலீற்றர் கொண்டது. அதனைத் தலைவழித்தும் அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். வாயகன்ற மரக்காலிற் குவியல் பெரிதாகும். உயரத்திலிருந்து சொரியின் தானியம் நெருங்கிப் படியும். குடியானவன் நிலக்கிழாருக்குத் தானியமாக இறுத்த கடமையை அளக்கும் மரக்காலோ அக்கிழாருடையதே. மரக்கால் பெருத்தால், கடமை உயராமலே குடியானவனின் களஞ்சியம் குறையும். ஆகவேதான், 1789இல் மக்கள் அரசனுக்கு எழுதிய முறையீடுகள் பலவற்றில் நாடெங்கும் ஒரே அளவை வேண்டுமென்னும் கோரிக்கை இடம்பெற்றது.

தெலாம்பர், மெசேன் என்னும் அறிஞர் இருவர் 1792 முதல் 1798 வரை டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நெடுங்கோட்டை அளந்தனர். 1799இல் பிளாற்றினத்தாலான மீற்றரும் கிலோகிராமும் அரச சுவடிச்சாலையில் வைக்கப்பெற்றன. எனினும், வேண்டி நின்ற மக்களே புதிய அலகுகளை எளிதில் ஏற்றிலர். 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களை மீண்டும் வழங்க இடமளித்தான். 1840இலேயே மீற்றர் முறை முற்றாகக் கட்டாயமாயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? நீதியான சீர்திருத்தமும் மக்கள் கைக்குப் பழகும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். 2019 முதல் கிலோகிராம் எவ்வுலோகக் கட்டியையும் சாராது, இயற்கையின் மாறிலியொன்றால் வரையறுக்கப்படுகின்றது. எந்நிலக்கிழாரும் அதனைப் பெருக்கவோ குறைக்கவோ இயலாது. அன்றைய குடியானவன் வேண்டியதும் அதுவே.